பைசா செலவில்லாமல் ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்: முதல் இருபது மணி நேரத்தைத் தாண்டுவது எப்படி

ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற இணையவழிச் சாகச விளையாட்டில் நான் உருவாக்கிய முதல் ஆள் இன்னமும் லம்பிரிட்ஜ் கோட்டை வாசலில்தான் நின்றுகொண்டிருப்பான். கல்லூரியில் கொடுத்த மின்னஞ்சலை வைத்துக் கணக்குத் தொடங்கியிருந்தேன். படிப்பு முடிந்ததும் அந்த மின்னஞ்சலை மூடிவிட்டார்கள், பாஸ்வேர்டும் மறந்துபோனது, கதை முடிந்தது. இரண்டாவது ஆளை நானே நடத்திக் கூட்டிப்போய், ஒரு பள்ளத்தைத் தாண்ட வைத்து, கையிலிருந்த 40,000 நாணயத்தோடு கொலைகாரர்களிடம் ஒப்படைத்தேன். இப்போது விளையாடுவது மூன்றாவது ஆள். முதல் இரண்டு பேருக்கு நடந்தது உங்கள் ஆளுக்கு நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

இந்த விளையாட்டின் இலவசப் பகுதி நிஜமாகவே இலவசம். கார்டு எண் கேட்காது, சில நாள் கழித்துக் கதவைச் சாத்தாது. அது கேட்பது உங்கள் நேரத்தை. அந்த நேரத்தைத் தவறான வரிசையில் கொட்டினால் பத்து மணி நேரம் கோழி அடித்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று மூடிவிட்டுப் போவீர்கள். நானும் ஒருமுறை அப்படித்தான் போனேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்த்ததும் ஏமாற்றமாக இருக்கும். மனிதர்கள் தீப்பெட்டியில் செய்தது மாதிரி இருப்பார்கள், மரங்களும் அட்டையில் வெட்டி ஒட்டியது மாதிரிதான். ஒரு மணி நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள், கண் பழகிவிடும்.

1. கணக்குத் தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

அடையாள அட்டை, சான்றிதழ் எதுவும் தேவையில்லை. இந்த நான்கும் போதும்.

முதலாவது, உங்கள் சொந்த மின்னஞ்சல். அலுவலகம், கல்லூரி கொடுத்தது வேண்டாம். ஐந்து வருஷம் கழித்தும் உங்கள் கையில் இருக்கப்போகிற முகவரியாகப் பாருங்கள். கணக்கை மீட்பதற்கு இதுதான் ஆதாரம்.

இரண்டாவது, உண்மையான பிறந்த தேதி. விளையாட்டுத்தானே என்று ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டு, பின்னால் யாராவது கேட்கும்போது முழிக்காதீர்கள்.

மூன்றாவது, போனில் ஓர் ஆத்தென்டிகேட்டர் செயலி. பாஸ்வேர்டுக்கு மேல் ஆறு இலக்க எண் கேட்கும் பூட்டு. இதைப் போடும்போது தருகிற மாற்றுக் குறியீடுகளை அதே போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பதில் பயனில்லை. போன் தொலைந்தால் அதுவும் சேர்ந்து தொலையும். ஒரு தாளில் எழுதுங்கள்.

நான்காவது, விளையாடுவதற்கான செயலி. கணினி என்றால் விளையாட்டை நடத்தும் ஜாகெக்ஸ் நிறுவனத்தின் சொந்த லாஞ்சர் (விளையாட்டைத் திறக்கும் செயலி), போன் என்றால் ஆண்ட்ராய்டு, ஐபோன் கடைகளில் இருக்கும் அதிகாரபூர்வச் செயலி. ஒரே கணக்கை இரண்டிலும் மாற்றி மாற்றி விளையாடலாம். கணினியில் பலரும் ரூன்லைட் என்ற இன்னொரு செயலியை வைத்திருப்பார்கள். அதற்கு அனுமதி உண்டு, இலவசம், புதியவர்களுக்கு ரொம்ப உதவும். ஆனால் அதே பெயரில் போலிப் பக்கங்களும் உண்டு. தேடலில் மேலே வரும் விளம்பரத்தை அழுத்தாமல் லாஞ்சருக்குள் இருந்தே அதை நிறுவுங்கள்.

உள்ளே போகும்போது 'உலகம்' ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். ஒவ்வொன்றும் ஒரு சர்வர். இலவச உலகங்களில், உங்கள் இணையத்துக்குத் தாமதம் குறைவாக இருப்பதாகப் பாருங்கள். கொஞ்சம் தாமதம் இருந்தாலும் கவலை வேண்டாம், இங்கே எல்லாமே 0.6 வினாடிக்கு ஓர் அடி என்ற தாளத்தில்தான் நகரும். பெயர் பக்கத்தில் 'பிவிபி' என்று எழுதியிருக்கும் உலகங்களுக்குள் மட்டும் போகாதீர்கள். அங்கே தெருவில் நிற்கும்போதே யார் வேண்டுமானாலும் உங்களை வெட்டலாம்.

மொழியையும் சொல்ல வேண்டும். தமிழ் கிடையாது, ஆங்கிலத்தில்தான் விளையாட வேண்டும். பேச்சுகள் எளிய ஆங்கிலம்தான், ஆனால் நிறைய வாசிக்க வேண்டியிருக்கும்.

2. பயிற்சித் தீவு (சுமார் அரை மணி நேரம்)

மீன் பிடிப்பது, ரொட்டி சுடுவது, தாது வெட்டி உருக்குவது, எலியைக் கொல்வது என்று ஒவ்வோர் ஆசிரியராகச் சொல்லித் தருவார்கள். சலிப்பாக இருக்கும். அடித்துப் பிடித்து முடிக்காதீர்கள், தீவை விட்டு வந்துவிட்டால் திரும்ப அங்கே போக முடியாது.

போனில் விளையாடுபவர்கள் இங்கேயே ஒன்றைப் பழகிக்கொள்ளுங்கள். எந்தப் பொருளையும் விரலால் அழுத்திப் பிடித்தால் ஒரு பட்டியல் விரியும். கணினியில் வலது கிளிக் செய்வது மாதிரி. எனக்கு இது தெரியாமல் மூன்று நாள் தவித்தேன். தட்டினால் ஆள் கதவைத் திறப்பான், மறுபடி தட்டினால் மூடுவான். கதவுக்குப் பின்னால் இருக்கும் பெட்டியைத் தொடுவதற்குள் உயிர் போய்விடும்.

தீவை முடிக்கும் நேரத்தில், 'அயர்ன்மேன்' ஆக விருப்பமா என்று கேட்கும் ஓர் ஆள் இருப்பார். பெயர் கம்பீரமாக இருக்கிறதே என்று சரி சொல்லிவிடாதீர்கள். அயர்ன்மேன் மற்ற ஆட்டக்காரர் யாரிடமும் எதையும் வாங்கவோ விற்கவோ முடியாது, எல்லாவற்றையும் தானே தேடிச் சேர்க்க வேண்டும். முதல்முறை வருபவருக்கு அது வீண் தலைவலி.

3. லம்பிரிட்ஜ்: முதலில் பேங்கைக் கண்டுபிடியுங்கள்

தீவிலிருந்து நேராக லம்பிரிட்ஜ் கோட்டையில் வந்து இறங்குவீர்கள். உங்கள் பையில் 28 இடங்கள்தான். பத்து நிமிஷத்தில் நிரம்பிவிடும். புதியவர்கள் எல்லோரும் ஊர் முழுக்கப் பேங்கைத் தேடி அலைவார்கள். அது கோட்டையின் உச்சி மாடியில் இருக்கிறது. படிக்கட்டில் ஏறி, அடுத்த படிக்கட்டிலும் ஏறுங்கள்.

போனதும் பேங்குக்கு நான்கு இலக்கப் பின் எண் போடுங்கள். பின் எண்ணை யாராவது நீக்க முயன்றால் அது செல்லுபடியாக 3 நாளா 7 நாளா என்று கேட்கும். 7 என்று வையுங்கள். கணக்கை எவனாவது திருடினாலும் அந்த ஏழு நாளில் நீங்கள் விழித்துக்கொள்ளலாம்.

எங்கேயாவது வழி தவறினால் மந்திரப் பட்டியலில் 'ஹோம் டெலிபோர்ட்' இருக்கிறது. செலவில்லாமல் லம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்து விடும். ஆனால் ஒருமுறை பயன்படுத்தினால் அடுத்த 30 நிமிஷத்துக்குக் கிடையாது.

4. கத்தியைத் தொடாமல் முதல் பத்துப் புள்ளிகள்

நான் செய்த பெரிய தவறு, இறங்கியதுமே வாளைத் தூக்கிக்கொண்டு பூதம் தேடிப் போனது. இந்த விளையாட்டின் உயிர் குவெஸ்டுகளில், அதாவது ஊரில் இருப்பவர்கள் நமக்குக் கொடுக்கும் கதை வேலைகளில் இருக்கிறது. புதுக் கணக்குகளுக்குப் பொருள் விற்பதிலும் கைமாற்றுவதிலும் சில கட்டுப்பாடுகள் உண்டு. அவை நீங்க மூன்று நிபந்தனைகள்: மொத்த லெவல் 100, குவெஸ்ட் புள்ளி 10, விளையாடிய நேரம் 20 மணி. மூன்றும் வேண்டும். ஆகவே குவெஸ்டை எப்படியும் செய்தே ஆக வேண்டும், அதை முதலிலேயே செய்துவிடுங்கள்.

இந்த ஆறும் சேர்ந்தால் சரியாகப் பத்துப் புள்ளி: குக்ஸ் அசிஸ்டன்ட், ஷீப் ஷியரர், எக்ஸ் மார்க்ஸ் த ஸ்பாட், ரெஸ்ட்லெஸ் கோஸ்ட், ரூன் மிஸ்டரீஸ் ஆகிய ஐந்துக்கும் தலா 1. ரோமியோ அண்ட் ஜூலியட்டுக்கு மட்டும் 5. ஆறிலும் யாரையும் கொல்ல வேண்டியதில்லை. எனக்கு மொத்தம் நான்கு மணி நேரம் ஆனது. வழி தெரிந்தவருக்கு இரண்டில் முடியும்.

முதல் குவெஸ்டைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், மற்றவையும் இதே மாதிரிதான் ஓடும். கோட்டைச் சமையல்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு நிற்பார். ஊரை ஆளும் டியூக்குக்குப் பிறந்த நாள், கேக் செய்ய முட்டை, பால், மாவு மூன்றும் இல்லை. பேசிவிட்டு அப்படியே கிளம்பாதீர்கள். சமையலறை மேசையில் ஒரு காலிப் பானை இருக்கும், எடுத்துக்கொள்ளுங்கள். பொதுக் கடையில் ஒரு வாளி வாங்குங்கள், இரண்டு மூன்று நாணயம்தான். முட்டை கோழிப் பண்ணையில் தரையில் கிடக்கும். பாலுக்கு எல்லா மாடும் ஆகாது, 'டெய்ரி கவ்' என்று பெயர் காட்டும் மாட்டைத்தான் கறக்க முடியும்.

மாவில்தான் எல்லோரும் மாட்டுவார்கள். லம்பிரிட்ஜுக்கு வடக்கே மில், பக்கத்திலேயே கோதுமை வயல். ஒரு கதிர் பறித்து மில்லின் உச்சி மாடிக்குப் போய் அங்கிருக்கும் தொட்டியில் போட வேண்டும். போட்டால் மட்டும் போதாது, பக்கத்தில் இருக்கும் நெம்புகோலை இழுக்க வேண்டும். அப்புறம் தரைத்தளத்துக்கு இறங்கி, அங்கே விழுந்திருக்கும் மாவைக் காலிப் பானையில் அள்ள வேண்டும். நான் முதல் தடவை நெம்புகோலை இழுக்காமல் இறங்கினேன். மறுபடி ஏறி இழுத்துவிட்டு இறங்கினால் பானை இல்லை, சமையலறைக்கு ஓடினேன். மூன்று மாடியில் நான்கு தடவை ஏறி இறங்கியதில், அரிசி மூட்டையோடு மில்லுக்குப் போய் கரண்ட் இல்லாமல் திரும்பிய சின்ன வயசு நாட்கள் நினைவுக்கு வந்தன.

முடித்தால் 300 சமையல் அனுபவப் புள்ளி கிடைக்கும். அதைவிட முக்கியம், கோட்டை அடுப்பைப் பயன்படுத்த அனுமதி. அதில் சமைத்தால் தொடக்க லெவலில் கருகுவது குறைவு.

மற்றவற்றில் இடறும் இடங்கள் மட்டும்:

ஷீப் ஷியரருக்கு இருபது உருண்டை கம்பளி நூல். கத்தரி, பண்ணையார் ஃப்ரெட் வீட்டிலேயே இருக்கும். கம்பளியை நூலாக்கும் இராட்டை கோட்டையின் நடு மாடியில் இருக்கிறது. பையில் 21 இடமாவது காலியாக இருக்கட்டும்.

ரெஸ்ட்லெஸ் கோஸ்டில் பேயின் மண்டையோட்டை எடுத்ததும் ஓர் எலும்புக்கூடு துரத்தும். சண்டை போடாமல் ஓடுங்கள். பரிசு 1,125 பிரார்த்தனைப் புள்ளி, எலும்பு புதைத்து அதைச் சேர்ப்பதாக இருந்தால் இடுப்பு ஒடிந்துவிடும்.

எக்ஸ் மார்க்ஸுக்கு முன்னால் ஒரு மண்வெட்டி தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

ரோமியோ குவெஸ்டுக்கு வாரக் நகரம் வரை நடக்க வேண்டும். கடாவா பழம் நகரத்துக்குத் தென்கிழக்கே புதரில் இருக்கும். போகிற வழியிலேயே பறித்துக்கொண்டால் ஒரு நடை மிச்சம்.

5. சண்டை: எந்தப் பொத்தான் அழுந்தியிருக்கிறது என்று பாருங்கள்

சண்டைப் பலகையில் மூன்று நான்கு பாணிகள் இருக்கும். எதைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அந்தத் திறமைக்குத்தான் புள்ளி சேரும். துல்லியம் என்றால் அட்டாக், ஆவேசம் என்றால் ஸ்ட்ரெங்த், தற்காப்பு என்றால் டிஃபென்ஸ். நான் ஒரு வாரம் முழுக்க முதல் பாணியிலேயே விட்டுவிட்டேன். அட்டாக் 30, டிஃபென்ஸ் 1. நன்றாகக் குறி வைப்பேன், பதிலுக்கு ஓர் அடி விழுந்தால் சுருண்டுவிடுவேன். மூன்றையும் ஐந்தைந்து லெவலாக மாற்றி மாற்றி ஏற்றுங்கள்.

வாள் எந்த உலோகமோ அதற்கேற்பத் தேவையான அட்டாக் லெவல்: வெண்கலமும் இரும்பும் 1, ஸ்டீல் 5, மித்ரில் 20, அடமன்ட் 30, ரூன் 40. இடையிடையே ஒவ்வொன்றையும் வாங்கிப் பணத்தைக் கரைக்காதீர்கள். இரும்பிலிருந்து நேரே மித்ரிலுக்குப் போக ஒரு குறுக்குவழி உண்டு. வேம்பயர் ஸ்லேயர் குவெஸ்ட் 4,825 அட்டாக் புள்ளி தருகிறது. லெவல் 1-ல் இருப்பவரை அது ஒரே தாவலில் 20-க்கு ஏற்றிவிடும். ஆனால் அந்தக் கவுன்ட் டிரெய்னர் லெவல் 34, வெறுங்கையோடு போனால் செத்தீர்கள். மர ஆப்பு, சுத்தியல், வெள்ளைப்பூண்டு, அப்புறம் பை நிறைய உணவு.

உணவு என்றதும் ஒரு வார்த்தை. இறால் தின்றால் 3 உயிர்ப்புள்ளி திரும்பும், டிரவுட் 7, லாப்ஸ்டர் 12. மீன்பிடி 20 வந்ததும் பார்பேரியன் கிராமத்து ஆற்றங்கரைக்குப் போங்கள். தூண்டிலுக்கு இறகு வேண்டும், கோழி அடித்தபோது கிடந்த இறகுகளை விட்டுவந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். பக்கத்திலேயே அணையாத நெருப்பு ஒன்று எரியும், பிடித்த கையோடு சுடலாம். இந்த விளையாட்டில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். இருபது பேர் வரிசையாக நின்று மீன் பிடித்துக்கொண்டே ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்கள். ஒருவருக்கு லெவல் ஏறி தலைக்கு மேல் வாணம் வெடித்தால் முன்பின் தெரியாதவன் வாழ்த்துச் சொல்வான். டீக்கடை பெஞ்சு மாதிரிதான்.

6. நாணயம் சேர்ப்பது

கையில் ஒன்றும் இல்லாதபோது முதல் 10,000 எடுக்க நேர்வழி, அதே பார்பேரியன் கிராமத்தின் நடுவில் இருக்கும் குழி. 'ஸ்ட்ராங்ஹோல்ட் ஆஃப் செக்யூரிட்டி' என்று பெயர். நான்கு தளங்கள். ஒவ்வொரு கதவும் கணக்குப் பாதுகாப்பு பற்றி ஒரு கேள்வி கேட்கும், பதில் தெரிந்தால் திறக்கும். முதல் தளத்தில் 2,000, இரண்டாவதில் 3,000, மூன்றாவதில் 5,000, கடைசியில் ஒரு ஜோடி பூட்ஸ். உள்ளே இருக்கும் மிருகங்கள் தானாகவே பாயும். நின்று சண்டை போடாமல், சமைத்த மீன் பத்துப் பதினைந்தை எடுத்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருங்கள்.

அடுத்தது கிராண்ட் எக்ஸ்சேஞ்ச், வாரக் நகரின் வடமேற்கில் இருக்கும் பெரிய சந்தை. விலையைக் குறித்துப் பொருளை வைத்துவிட்டுப் போனால், வாங்குபவர் வந்ததும் தானே விற்கும். இலவசக் கணக்குக்கு ஒரே நேரத்தில் 3 இடங்கள்தான். அதில் ஒன்றை விலைபோகாத பொருளுக்குக் கொடுத்துவிட்டு மறந்துவிடாதீர்கள்.

சில குவெஸ்டுக்கு உரிய பொருளைத் தேடி அலைவதைவிட இங்கே வாங்குவது மேல். டோரிக் என்ற குள்ளர் தரும் குவெஸ்ட் ஓர் உதாரணம். 6 களிமண், 4 செப்புத் தாது, 2 இரும்புத் தாது கேட்பார். இரும்பு வெட்ட சுரங்க லெவல் 15 வேண்டும். ஆனால் அந்தக் குவெஸ்ட் தருகிற 1,300 புள்ளிதான் உங்களை லெவல் 10-க்கு ஏற்றும். அந்த இரண்டு தாதுவைச் சந்தையில் வாங்கினால் விஷயம் முடிந்தது.

7. பள்ளத்தைத் தாண்டாதீர்கள்

எட்ஜ்வில் ஊருக்கு வடக்கே நீளமாக ஒரு பள்ளம் ஓடும். அதற்கு அந்தப் பக்கம் வைல்டர்னெஸ். அங்கே மற்ற ஆட்டக்காரர்கள் உங்களைக் கொல்லலாம், உங்கள் பொருள் அவர்களுக்கு.

எனக்கு நடந்தது இது. சந்தையில் ஒருவன் தானாக வந்து பேசினான். ரொம்ப மரியாதை. இரண்டு நாள் கூடவே மீன் பிடித்தான், இலவசமாக ஒரு கேடயம்கூடக் கொடுத்தான். மூன்றாம் நாள், "வடக்கே ஓர் இடம் இருக்கிறது, அங்கே பணம் கொட்டும், உன்னிடம் இருப்பதை எல்லாம் எடுத்துக்கொள், அங்கே முதல் போட வேண்டும்" என்றான். பள்ளத்தருகே எச்சரிக்கைப் பலகை வந்தது. நான் படிக்கவே இல்லை, சரி என்று தட்டினேன். பத்து அடி போவதற்குள் இன்னும் இரண்டு பேர் மரத்துக்குப் பின்னாலிருந்து வந்தார்கள்.

மற்ற தந்திரங்களும் கிட்டத்தட்ட இதே குடும்பம்தான். "கொடு, இரண்டு மடங்காகத் தருகிறேன்" என்று சந்தையில் கத்துபவன், முதலில் சின்னத் தொகைக்கு உண்மையாகவே தருவான், பெரிய தொகையோடு மறைந்துவிடுவான். "உன் கவசத்துக்கு இலவசமாகத் தங்க விளிம்பு போட்டுத் தருகிறேன்" என்பவனும் அப்படித்தான், ஒரு கவசத்துக்கு விளிம்பு போட இங்கே யாராலும் முடியாது. பொருள் மாற்றிக்கொள்ளும்போது இரண்டு திரைகள் வரும், இரண்டாவது திரையில் இருப்பதுதான் உண்மையில் கைமாறப்போவது. அதை வரிவரியாகப் படியுங்கள். பரிசு விழுந்திருக்கிறது என்று மின்னஞ்சலிலோ நேரலையிலோ வரும் இணைப்பைத் தொடவே வேண்டாம்.

நிஜப் பணம் கொடுத்து வெளியே நாணயம் வாங்குவது விதிமீறல். கணக்கைத் தடை செய்துவிடுவார்கள், முறையிட்டுப் பயனில்லை.

8. செத்தால்

பதற வேண்டாம். மிருகங்களிடம் செத்தால் மதிப்பில் உயர்ந்த மூன்று பொருள் உங்களோடே இருக்கும். மற்றவை செத்த இடத்தில் ஒரு கல்லறைக்குள் 15 நிமிஷம் காத்திருக்கும். ஓடிப்போய் எடுத்துக்கொள்ளலாம். அதற்குத்தான் சொல்கிறேன், வழி தெரியாத ஊருக்கு முதல்முறை போகும்போது போன தடத்தை நினைவில் வையுங்கள். என் நல்ல தொப்பி ஒன்று வழி தெரியாமல் சுற்றிய அந்தப் பதினைந்து நிமிஷத்தில்தான் கல்லறையை விட்டுப் போனது.

9. சந்தா கட்டலாமா?

இருபது மணி நேரத்துக்குள் கட்டாதீர்கள். சந்தா கட்டியவர்களின் உலகம் பல மடங்கு பெரியது, உண்மைதான். ஆனால் இலவசத்திலேயே 15 திறமைகள் இருக்கின்றன. ஒரு திறமையை 99-க்கு ஏற்ற 1,30,34,431 புள்ளி வேண்டும், அதில் சரிபாதிக்குத்தான் 92 வரும். எதை எத்தனை தூரம் இழுப்பது என்று அங்கேயே உங்களுக்குத் தெரிந்துவிடும். நிஜப் பணம் தராமல் சந்தா பெறவும் ஒரு வழி உண்டு. சந்தையில் 'பாண்ட்' ஒன்று வாங்கினால் 14 நாள். ஆனால் அதன் விலை கோடி நாணயத்துக்கு மேல், புதியவருக்கு எட்டாது.

இலவசத்தில் கடைசியாகக் குறி வைக்க வேண்டியது டிராகன் ஸ்லேயர் குவெஸ்ட். 32 குவெஸ்ட் புள்ளி இருந்தால்தான் சாம்பியன்ஸ் கில்டுக்குள் விடுவார்கள், அங்கேதான் அது தொடங்கும். முடித்தால்தான் ரூன் மார்புக்கவசம் அணியலாம். கிளம்பும் முன் சேர்த்து வைக்க வேண்டியவை: கப்பல் வாங்க 2,000 நாணயம், வரைபடத்தின் ஒரு துண்டுக்கு 10,000, கப்பலை ஒட்டுப்போட பலகை 3, ஸ்டீல் ஆணி 90, சுத்தியல் 1. ஒரு மந்திரக் கதவுக்கு மட்டும் சுடாத மண்கிண்ணம், பட்டு, லாப்ஸ்டர் கூண்டு, 'விசார்ட்ஸ் மைண்ட் பாம்ப்' என்ற பானம் நான்கும் ஒன்றாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் திறக்காது. நான் பானத்தை மறந்துவிட்டு, அது கிடைக்கும் ஃபாலடோர் நகரம் வரை மறுபடி நடந்தேன்.

நெருப்பைத் தடுக்கும் கேடயத்தை லம்பிரிட்ஜ் கோட்டையில் டியூக் ஹொராசியோ சும்மாவே தருவார், கேட்டால் போதும். முதல் குவெஸ்டில் அவர் பிறந்த நாளுக்குத்தான் முட்டையும் மாவும் சுமந்தீர்கள். இரண்டாகக் கேட்டு வாங்கி, ஒன்றைப் பேங்கில் போட்டு வையுங்கள்.